ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அசல் பாகம் தேடுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சென்னைக்குத் தெற்கே, வண்டலூர்ப் பக்கம் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனம் 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்கள், ஓட்டுவதற்கு ஆளில்லாமலும் எடைக்குப் போட மனமில்லாமலும் இன்றும் பல வீட்டுக் கொட்டகைகளில் நிற்கின்றன. என்னிடம் நான்கு கதவுள்ள மார்க் 3 ஒன்று இருக்கிறது. அதைப் பிரித்து, பாகம் தேடி, மறுபடி சேர்த்து ஓடவைக்க ஆறு ஆண்டுகள் ஆயின. வண்டியைச் சீரமைக்க விரும்பும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே தந்திருக்கிறேன்.

அசல் பாகம் என்றால் எது? இங்கிலாந்தில் செய்ததா, இந்தியாவில் செய்ததா?

எந்தத் தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வந்ததோ, அந்தத் தொழிற்சாலையில் அந்த ஆண்டில் எது பொருத்தப்பட்டதோ அதுவே அந்த வண்டிக்கு அசல். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்று பொறித்திருந்தால்தான் அசல் என்ற எண்ணம் நம்மிடம் அவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது.

நம் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மூலமான டிரையம்ப் ஹெரால்டு 1959இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் வெளிவந்தது. அதன் உடலை வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவானி மிக்கெலாட்டி. அங்கே 948 சி.சி. எஞ்சினுடன் தொடங்கிய கார், பிறகு 1147 சி.சி.க்கும் அதன்பின் 1296 சி.சி.க்கும் மாறியது. சென்னையில் செய்த ஹெரால்டோ கடைசிவரை 948 சி.சி. எஞ்சினுடனேயே நின்றது. பெயரும் இங்கே டிரையம்ப் அல்ல, ஸ்டாண்டர்டு. ஆகவே இங்கிலாந்திலிருந்து பளபளவென்று ‘டிரையம்ப்’ எழுத்துகளை வரவழைத்து பானெட்டில் ஒட்டிக்கொள்ளும் அன்பர்கள், வண்டியை அசலை நோக்கி நகர்த்தவில்லை, அசலிலிருந்து விலக்குகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஹெரால்டு இங்கே தயாரான அதே ஆண்டுகளில்தான் சென்னையைச் சுற்றி உதிரிபாகத் தொழில் எழுந்தது. சென்னையின் பாடிப் பகுதியில் லூகாஸ் டிவிஎஸ் 1961இலும், பிரேக்ஸ் இந்தியா 1962இலும் தொடங்கப்பட்டன. இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதலே இருந்தது. தொடக்க ஆண்டுகளில் கப்பலில் வந்து இறங்கிய பாகங்களின் இடத்தை ஆண்டுக்கு ஆண்டு உள்நாட்டுப் பாகங்கள் பிடித்தன. 1968ஆம் ஆண்டு வண்டி ஒன்றிலிருந்து பாடியில் செய்த டைனமோவைக் கழற்றி எறிந்துவிட்டு இங்கிலாந்து டைனமோவை மாட்டினால், அது நல்ல டைனமோவாக இருக்கலாம். அசல் டைனமோ ஆகாது.

என் வண்டியில் இப்போது இருப்பவற்றில் எது அசல், எது பிற்பாடு மாட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியைக் கழுவுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். பெரும்பாலானோர் முதல் நாளே தண்ணீர் பீய்ச்சிச் சாட்சியத்தை அழித்துவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு அழுக்குக்கு அடியில் ஒரு பாகமும் அதைத் தாங்கும் இரும்பும் ஒரே அளவில் கறுத்திருந்தால் இரண்டும் நெடுநாள் ஒன்றாக இருந்தவை என்று பொருள். தாங்கியில் ஒரு துளைக்குப் பதிலாக இரண்டு துளைகள் இருந்து, அவற்றில் ஒன்று நீள்வட்டமாக ராவப்பட்டிருந்தால், வேறு வண்டியின் பாகம் அங்கே குடியேறியிருக்கிறது. ஒயர்களைப் பாருங்கள்: அசல் ஒயரிங்கில் நிறத்துக்கு ஒரு வேலை உண்டு, பிற்பாடு வேலை செய்த எலக்ட்ரீஷியன் கையில் கிடைத்த சிவப்பு ஒயரால் எல்லாவற்றையும் இணைத்திருப்பார்.

என் வண்டி வெளியே மெரூன் நிறத்தில் வந்தது. கதவின் உட்பக்க அட்டையைக் கழற்றியபோது, கிளிப்புக்காகப் போட்ட துளைகளின் ஓரத்தில் வெளிர்நீலம் தெரிந்தது. அதை மேலும் சுரண்டிப் பார்த்ததில், நான்கு கதவுகளில் மூன்றில் மட்டுமே அடியில் நீலம் இருந்தது. பின் இடக் கதவில் தந்த நிறம். அந்தக் கதவு எப்போதோ வேறொரு ஹெரால்டிலிருந்து வந்தது என்பதை வண்டியின் முந்தைய உரிமையாளரே அறிந்திருக்கவில்லை.

படம் எடுங்கள், எவ்வளவு எடுத்தாலும் போதாது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் ஒன்று, பாதி கழற்றியபின் ஒன்று, கழற்றிய போல்ட்டுகளைப் பக்கத்தில் வைத்து ஒன்று. வாஷர் எந்தப் பக்கம் இருந்தது என்ற ஒரே கேள்விக்காக நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் இழந்திருக்கிறேன்.

பாகத்தின் மேல் இருக்கும் எண்ணை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் அது எந்த எண் என்று தெரிந்துகொண்டு நம்ப வேண்டும். வார்ப்பில் புடைத்து நிற்கும் எண் வார்ப்பின் எண். பாகங்களின் பட்டியலில் அச்சாகியிருப்பது முடிந்த பாகத்தின் எண். ஒரே வார்ப்பை இரண்டு விதமாகக் கடைந்து இரண்டு வெவ்வேறு பாகங்களாகத் தொழிற்சாலை விற்றிருக்கும். இதை அறியாமல், சிலிண்டர் ஹெட்டில் புடைத்திருக்கும் எண் பட்டியலில் இல்லை என்று நல்ல ஹெட்டை ஒதுக்கியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஹெரால்டை உருவாக்கிய இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் தன் அசல் பாகங்களை ‘ஸ்டான்பார்ட்’ என்ற பெயரில் விற்றது. அந்தச் சொல் பொறித்த பாகம் கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அது உங்கள் வண்டிக்குப் பொருந்துமா என்பதைப் பிறகு பார்க்கலாம். இங்கிலாந்து லூகாஸ் மின்பாகங்களில் மாடல் எண்ணோடு தயாரித்த காலமும் சிறிய எண்களாகக் குத்தப்பட்டிருக்கும். அந்தக் காலம் வண்டி தயாரான காலத்துக்குச் சற்று முந்தியதாக இருப்பதே இயல்பு. வண்டிக்கு இரண்டு ஆண்டு இளைய டிஸ்ட்ரிபியூட்டர் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) உள்ளே உட்கார்ந்திருந்தால், அது மாற்றி மாட்டியது என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

எண் எதுவும் இல்லாத பாகங்களே மிகுதி. அங்கே தயாரிப்பாளரின் வயது உதவும். எடுத்துக்காட்டாக, கோயம்புத்தூரில் பிரிக்கால் நிறுவனம் 1970களின் நடுப்பகுதியில்தான் வண்டிகளுக்கான மீட்டர் செய்யத் தொடங்கியது. அந்தப் பெயர் பொறித்த மீட்டர் 1965ஆம் ஆண்டு ஹெரால்டின் முகப்பில் இருந்தால், அது எவ்வளவு ஒழுங்காக வேலை செய்தாலும், வண்டியோடு பிறந்ததாக இருக்க முடியாது.

கடைக்காரர் பிரிக்காத பழைய பெட்டியோடு தருகிறார். அது அந்தக் காலத்துச் சரக்கு என்று எப்படி உறுதி செய்வது?

பெட்டியில் முகவரி இருக்கும். முதலில் அதைப் படியுங்கள். ஆறு இலக்க பின்கோடு 1972 ஆகஸ்டில்தான் நடைமுறைக்கு வந்தது. ‘மெட்ராஸ்-2’ என்று முடிந்தால் பெட்டி பெரும்பாலும் அதற்கு முந்தியது. ‘மெட்ராஸ் 600 002’ என்றிருந்தால் பிந்தியது. ‘சென்னை’ என்று அச்சிட்டிருந்தால் 1996க்குப் பிறகு அச்சானது. தமிழ்நாடு என்ற பெயர் 1969இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பதும், பார்கோடு இருப்பதும் இல்லாததும் ஒரு கதை சொல்லும்.

ஆனால் பெட்டி பழையதாக இருப்பதால் உள்ளே இருப்பதும் பழையது என்று ஆகிவிடாது. ஒருமுறை, மஞ்சள் பூத்த அட்டைப்பெட்டி, துருப்பிடித்த ஸ்டேப்பிள், மெழுகுத்தாள் எல்லாம் சரியாக இருந்த ஒரு வீல் சிலிண்டரை (சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் பாகம்) நல்ல விலை கொடுத்து வாங்கினேன். வீட்டில் பிரித்துப் பார்த்தால், குழாய் மாட்டும் துளையில் அந்தக் காலத்து இங்கிலீஷ் மரைக்குப் பதிலாக மில்லிமீட்டர் மரை இருந்தது. காலிப் பெட்டிக்குள் புதுப் பாகத்தை வைத்து யாரோ விற்றிருக்கிறார்கள். கடைக்காரரே ஏமாந்திருக்கவும் கூடும். அன்றிலிருந்து கவுண்டரிலேயே பிரித்து, பழைய பாகத்தைப் பக்கத்தில் வைத்து, மரையில் ஒரு நட்டைச் சுற்றிப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. இதற்காகவே சட்டைப் பையில் மூன்று அளவு நட்டுகளை வைத்திருக்கிறேன்.

எங்கே தேடுவது?

சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் தொடக்க இடங்கள். முதலாவதில் பெட்டிச் சரக்கு, இரண்டாவதில் பிரித்த வண்டிச் சரக்கு. இன்று புதுப்பேட்டையில் ஹெரால்டு என்று கேட்டால் இளம் கடைக்காரர்கள் விழிப்பார்கள். அவர்கள் பிறப்பதற்கு முன்பே அந்த வண்டி நின்றுபோயிற்று. கடையின் பின்புறம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெரியவரைக் கேட்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்பதைவிடப் பாகத்தைக் கையில் கொடுத்துக் கேட்பது நல்லது. கண்ணுக்குத் தெரிந்தது அவர்களுக்குப் பெயரால் நினைவுக்கு வராமல் இருக்கும்.

கோயம்புத்தூர் உக்கடம், பெங்களூரு ஜே.சி. ரோடு, கொல்கத்தா மல்லிக் பஜார், மும்பை சோர் பஜார் ஆகிய இடங்களுக்கும் ஹெரால்டுகளின் மிச்சம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் என் அனுபவத்தில் நல்ல சரக்கு கிடைத்தது சந்தைகளில் அல்ல, சிற்றூர்களில். ஒரு காலத்தில் டாக்டர்களும் வக்கீல்களும் ஹெரால்டு வைத்திருந்த ஊர்களில், அவற்றைப் பார்த்துவந்த மெக்கானிக்கின் பட்டறை இன்னும் இருக்கும். மகன் இப்போது டிராக்டர் பார்ப்பார். பரண்மேல் எண்ணெய்த்தாளில் சுற்றிய இரண்டு கியர்கள், ஒரு வாட்டர் பம்ப், ஒரு ஜோடிப் பட்டறைக் கையேடு என்று கிடக்கும். அப்படி ஓர் ஊரில், பிரிக்காத ஸ்டான்பார்ட் டைமிங் செயின் ஒன்று எனக்கு இரண்டு காபிக்கும் ஒரு மணி நேரப் பேச்சுக்கும் கிடைத்தது. பேச்சுதான் விலை என்பதைப் பிறகு புரிந்துகொண்டேன்.

ஓடாத வண்டி ஒன்றை முழுதாக வாங்கிக்கொள்வதும் ஒரு வழி. உதிரியாகப் பத்துப் பாகம் வாங்கும் செலவில் ஒரு முழு வண்டி சில நேரம் வந்துவிடும். ஆர்.சி.யும் விற்பனைக் கடிதமும் இல்லாமல் அதைத் தொடாதீர்கள்.

இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாமா? எல்லாம் பொருந்துமா?

எஞ்சின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் ஆகியவற்றுக்கு வரவழைக்கலாம். டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் கார் ஹெரால்டின் அடித்தளத்திலிருந்தே பிறந்து 1980 வரை தயாரானதால், அதற்காக இன்றும் அங்கே செய்யப்படும் பல சஸ்பென்ஷன் பாகங்கள் ஹெரால்டுக்கும் பொருந்துகின்றன. டிரையம்ப் ஸ்போர்ட்ஸ் சிக்ஸ் கிளப் என்ற கழகம் இந்தக் குடும்பத்து வண்டிகள் அனைத்தையும் கவனித்துக்கொள்கிறது. உறுப்பினராகச் சேர்ந்தால் ஆலோசனை கிடைக்கும்.

ஆனால் ‘ஹெரால்டு’ என்று மட்டும் எழுதி ஆர்டர் செய்தால் நிச்சயம் தவறான பாகம் வரும். அங்கே ஹெரால்டு என்றால் பெரும்பாலும் 1147 அல்லது 1296 சி.சி. வண்டி. நமது பிஸ்டனின் விட்டம் 63 மில்லிமீட்டர், அவர்களுடையது வேறு. பின் அச்சின் பல் விகிதமும் வேறு. அவர்களின் பிற்கால வண்டிகளில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் உண்டு, நமக்கு டிரம். ஆகவே ‘948 சலூன், டிரம் பிரேக்’ என்று எழுதி, முடிந்தால் பாகத்தின் படத்தையும் அளவையும் இணைத்து அனுப்புங்கள். சுங்கவரியையும் கப்பல் கூலியையும் சேர்த்துப் பார்த்தால் சிறிய பாகங்களின் விலை இரட்டிப்பாகிவிடும் என்பதால், நாலைந்து பேர் சேர்ந்து ஒரே பெட்டியாக வரவழைப்பதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

முன்சக்கர ட்ரன்னியனை மாற்றச் சொல்கிறார்கள். அது என்ன, ஏன் அவ்வளவு எச்சரிக்கை?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் நீளமாகப் பதில் சொல்வேன், ஏனெனில் ஹெரால்டில் உயிரோடு தொடர்புடைய பாகம் இது. முன்சக்கரத்தைத் தாங்கும் நிமிர்ந்த எஃகுத் துண்டின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை ஒரு வெண்கலத் துண்டுக்குள் இறங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் மரை அந்தத் துண்டுக்குள் சற்று ஏறி இறங்கும். அந்த வெண்கலத் துண்டுதான் ட்ரன்னியன்.

இதற்கு ஊற்ற வேண்டியது ஈ.பி. 90 கியர் ஆயில். நம் ஊர்ப் பட்டறைகளில் நிப்பிள் போலக் கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் கிரீஸ் கன்னை வைத்து அழுத்துவது பழக்கம். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது. நாளடைவில் இறுகிக் கட்டியாகிவிடும். அடியில் தண்ணீர் தங்கி எஃகு துருப்பிடிக்கும். ஒரு நாள் வண்டியை நிறுத்தத் திருப்பும்போது அந்த எஃகு முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கி உட்கார்ந்துவிடும். மெதுவாகப் போகும்போது முறிந்தால் நல்லூழ்.

என் வண்டியிலிருந்து கழற்றிய எஃகு நிமிர்துண்டைச் சுத்தம் செய்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். மரையின் மேல்பாதி கண்ணாடி போல் பளிச்சென்றிருந்தது; கீழ்ப்பாதியில் காபிப்பொடி நிறத்தில் துரு, அதன் நடுவே நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்ளும் ஒரு மெல்லிய கோடு. அது விரிசல். பெயிண்ட் அடித்து வைத்திருந்தால் அந்தக் கோடு யாருக்கும் தெரிந்திருக்காது. ஆகவே பழைய நிமிர்துண்டை அசல் என்பதற்காக அப்படியே திரும்ப மாட்டாதீர்கள். புதிதாகச் செய்தது கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர் திசை. ஒரு கடையில் எனக்கு ஜோடி என்று சொல்லி இரண்டையும் ஒரே பக்கத்துக்கானதாகக் கொடுத்தார்கள்.

அப்படியானால் எவற்றில் அசலைப் பிடிவாதமாகத் தேடக் கூடாது?

ரப்பர் எதிலும் தேடக் கூடாது. பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டரின் கப், பெட்ரோல் குழாய், ஃபேன் பெல்ட் ஆகியவை பெட்டிக்குள் பத்திரமாக இருந்தாலும் கிழமாகிவிடும். 1966இல் செய்த பிரேக் ஹோஸ், தொடாமல் வைத்திருந்தாலும் 1966இல் செய்ததுதான். டயருக்கும் அதே விதி. பிரேக் லைனிங்கையும் புதிதாகவே போடுங்கள். பழையவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அதன் தூசியை ஊதவும் கூடாது.

மின்பாகங்களில் மட்டும் இந்த விதி தலைகீழாகும் ஓர் இடம் உண்டு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உட்காரும் பாகங்களில், இன்று சந்தைக்கு வரும் மலிவான ரோட்டார்களிலும் கண்டென்சர்களிலும் பல சூடானவுடன் கைவிடுகின்றன. ரோட்டாரின் நடுவே உள்ள ரிவெட் வழியாக மின்சாரம் கசிந்து, வண்டி காரணம் தெரியாமல் நிற்கும். நல்ல நிலையில் உள்ள பழைய லூகாஸ் ரோட்டார் கிடைத்தால் அதைத் தயங்காமல் மாட்டுங்கள்.

போல்ட், நட்டுகூட அசலாக இருக்க வேண்டுமா?

நீங்கள் கண்காட்சிக்கு வண்டி கொண்டுபோகப் போவதில்லை என்றாலும், இருக்க வேண்டும். அழகுக்காக அல்ல, மரைக்காக. ஹெரால்டில் பெரும்பாலும் இருப்பது யூனிஃபைடு மரை, அதாவது அங்குலக் கணக்கு. தெருமுனைக் கடையில் கிடைப்பது மில்லிமீட்டர் மரை. எட்டு மில்லிமீட்டர் போல்ட் ஐந்து பதினாறாம் அங்குலத் துளையில் இரண்டு சுற்று ஏறும், பிறகு இறுகும். ‘கொஞ்சம் டைட்டு’ என்று மெக்கானிக் நீள ஸ்பானரை எடுத்தால், அங்கேயே கையைப் பிடித்துவிடுங்கள். அடுத்த சுற்றில் வார்ப்பின் மரை போய்விடும்.

அசல் போல்ட்டை அறிவது எளிது: தலையின் மேல் ஒரு வட்டக் குழிவு இருக்கும், அல்லது பக்கவாட்டில் ஒன்றையொன்று தொட்டுநிற்கும் வட்டங்கள் பொறித்திருக்கும். இவை யூனிஃபைடு மரைக்கான அடையாளங்கள். சோலெக்ஸ் கார்புரேட்டரில் மட்டும் மில்லிமீட்டர் மரை வரும். லூகாஸ் மின்பாகங்களின் குட்டி ஸ்க்ரூக்களில் பி.ஏ. என்ற மூன்றாவது இனம் வரும். ஒரே வண்டியில் மூன்று குலம். கழற்றியவற்றை ஒரே டப்பாவில் கொட்டாதீர்கள்.

நான்கு கதவு மார்க் 3-க்குக் கதவும் பீடிங்கும் (ஓரப் பட்டையும்) எங்கே கிடைக்கும்?

இந்தியாவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடைக்காது. நான்கு கதவு ஹெரால்டு இந்தியச் சந்தைக்காகவே செய்யப்பட்டது. இங்கிலாந்தில் அது தயாராகவே இல்லை. ஆகையால் பின்கதவு, அதன் கண்ணாடி, நடுத்தூண், கதவுப் பிடி ஆகிய அனைத்தும் இன்னொரு மார்க் 3-இலிருந்துதான் வர வேண்டும். 1970களில் வந்த ஸ்டாண்டர்டு கெஸெல் இதன் வழித்தோன்றல் என்பதால் அதையும் பார்த்துவையுங்கள். ஆனால் கெஸெலின் பின் அச்சு முற்றிலும் வேறு: ஹெரால்டில் சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் அமைப்பு, கெஸெலில் ஒரே இறுகிய அச்சு. ‘கெஸெல் பின்பக்கம் அப்படியே பொருந்தும்’ என்பவரின் பேச்சைக் கேட்காதீர்கள்.

உடலில் ஒரு நன்மையும் உண்டு. ஹெரால்டின் உடல் தனிச் சேஸிஸ்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு மாட்டியது. அழுகிய பகுதியை மட்டும் கழற்றி மாற்றலாம், முழு உடலையும் வெட்ட வேண்டியதில்லை. வாங்கப்போகும் வண்டியில் பேட்டரி உட்காரும் தட்டையும், டிக்கியின் தரையையும், சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

கிடைக்காத பாகத்தைச் செய்துகொள்ளலாமா?

செய்யலாம். கோயம்புத்தூர் ஃபவுண்டரிகளில் சிலர் ஒன்றிரண்டு துண்டுக்கும் வார்த்துத் தருகிறார்கள். உடைந்த அசலை மாதிரியாகக் கொடுத்தால், உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும் அளவுக்கு ஏற்ப மாதிரியைச் சற்றுப் பெரிதாக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் வார்ப்பு பார்க்கச் சரியாக, மாட்டச் சிறியதாக வரும். புதிதாகச் செய்த பாகத்தின் மறைவான பக்கத்தில் செய்த ஆண்டைக் குத்திவிடுவது என் வழக்கம். பிற்காலத்தில் யாரும் அதை அசல் என்று விற்கவும் கூடாது, நம்பவும் கூடாது.

எஞ்சினை எப்போதோ மாற்றிவிட்டார்கள். அரசுப் பதிவில் சிக்கல் வருமா?

முதலில் ஆர்.சி.யில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முறைப்படி சரிசெய்ய வேண்டும். எண்ணைத் தேய்த்துப் புதிதாகக் குத்தித்தர முன்வருபவர் உங்களைக் குற்றவாளியாக்குகிறார்.

ஒன்றிய அரசு 2021இல் கொண்டுவந்த விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த இருசக்கர, நான்குசக்கர வண்டிகளை ‘விண்டேஜ்’ வண்டியாகப் பதியலாம். ஆனால் வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸிஸ், உடல், எஞ்சின் ஆகியவற்றில் பெரும் மாற்றம் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய், செல்லுபடிக் காலம் 10 ஆண்டு. எண்பலகையில் மாநில எழுத்துகளுக்குப் பின் ‘வி.ஏ.’ என்பதைக் குறிக்கும் எழுத்துகள் வரும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்காக மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடம் ஓட்ட முடியாது. ஞாயிறுதோறும் குடும்பத்தோடு மகாபலிபுரம் போக விரும்புபவர் இதை யோசித்துச் செய்யட்டும்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் இதே ஆலோசனைதானா?

அங்கே சிக்கல் எதிர்ப்பக்கத்தில் இருக்கிறது. அம்பாசடர் 1950களின் இறுதியிலிருந்து 2014 வரை ஓடியது. பாகம் எங்கும் கிடைக்கும். உங்கள் மார்க் 2-க்கு உரிய பாகம் மட்டும் கிடைக்காது. கடைக்காரர் கொடுப்பதெல்லாம் மாட்டிக்கொள்ளும் என்பதால், வண்டி ஓடிக்கொண்டே மெல்ல மெல்லப் பிற்கால வண்டியாகிவிடும். பத்மினியும் அப்படியே.

கழற்றிய பழைய பாகங்களை என்ன செய்வது?

எழுதிக் கட்டி வையுங்கள். தேய்ந்த பாகம் மாதிரிக்கு உதவும், உடைந்த பாகம் அளவெடுக்க உதவும். என் வண்டியின் விரிசல் விட்ட நிமிர்துண்டு இன்றும் மேசைமேல் இருக்கிறது. கிரீஸ் கன்னோடு வருபவர்களிடம் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன். எடைக்குப் போடுவதாக முடிவு செய்துவிட்டால், போடும் முன் ஹெரால்டு வைத்திருக்கும் நாலு பேரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள். மார்க் 3-இன் பின் இடக் கதவுக்கு, கண்ணாடியை ஏற்றி இறக்கும் கைப்பிடி ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.